"அளவோடு ஆடுகிறேன்" என்கிறான் தம்பி: நம்பி விடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் 29 வயதுத் தம்பி, இரண்டு ஆண்டுகளாக ஆன்லைன் ரம்மி ஆடிவந்தார். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, பெரிய செயலிகளெல்லாம் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நிறுத்திய பிறகு, டெலிகிராமில் வந்த லிங்க் ஒன்றைப் பிடித்து வெளிநாட்டுத் தளத்துக்குப் போய்விட்டார். கடன் வெளியே தெரிந்ததும், "முழுசா விட முடியாது, வாரம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போட மாட்டேன்" என்கிறார். இதை நம்பலாமா, கடனை நீங்கள் அடைக்கலாமா, பெற்றோரிடம் சொல்லலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் "எவ்வளவு திட்டியும் கேட்கவில்லை" என்ற வரி உங்கள் பதிவில் திரும்பத் திரும்ப வருகிறது. திருமணமாகித் தனிக் குடும்பம் நடத்தும் ஒரு வளர்ந்த ஆணை, அதிகாரம் ஏதுமில்லாத அக்கா எப்படிப் பாதுகாப்பான வழிக்குக் கொண்டுவர முடியும் என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவ உளவியலாளர். குடி, சூதாட்டம் இரண்டிலும் சிக்கியவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் அவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சட்டமும் என் துறை அல்ல. தேவையான இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

அளவோடு ஆடுவது என்ற ஒன்று உண்டா? உண்டு, சிலருக்கு. சூதாட்டம் சட்டப்படி நடக்கும் கனடாவில் 2021இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். குடும்பத்தின் மாத வருமானத்தில் 1 சதவீதத்துக்கு மேல் பந்தயம் கட்டக்கூடாது. மாதத்தில் 4 நாட்களுக்கு மேல் ஆடக்கூடாது. இரண்டு வகைக்கு மேற்பட்ட ஆட்டங்களை வழக்கமாக ஆடக்கூடாது. மூன்றையும் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டும். உங்கள் தம்பி வீட்டின் மாத வருமானம் முப்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணக்கில் மாதம் முழுவதற்கும் முந்நூறு ரூபாய். அவர் கேட்பதோ வாரம் ஐந்நூறு. அதே வழிகாட்டுதல் இன்னொன்றையும் சொல்கிறது: குடிப் பழக்கம், மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களும், குடும்பத்தில் ஏற்கெனவே சூதாட்டப் பிரச்சினை இருப்பவர்களும் இதைவிடக் குறைவாக ஆட வேண்டும், அல்லது ஆடவே கூடாது. இந்த அளவுகள் கட்டுப்பாட்டை இன்னும் இழக்காதவர்களுக்கானவை. இழந்துவிட்டவரைத் திருத்தும் மருந்து என்று யாரும் இவற்றை முன்வைக்கவில்லை.

கட்டுப்பாடு போய்விட்டதா என்பதைப் பார்க்க மனநல மருத்துவத்தில் ஒன்பது அடையாளங்கள் வைத்திருக்கிறோம். பழைய கிளர்ச்சி கிடைக்க மேலும் மேலும் பெரிய தொகை தேவைப்படுவது, குறைக்க முயலும்போது எரிச்சலும் தவிப்பும் வருவது, விட முயன்று பலமுறை தோற்பது, எந்நேரமும் ஆட்ட நினைவாகவே இருப்பது, மனம் வாடும்போது ஆடத் தோன்றுவது, விட்டதைப் பிடிக்க மறுநாள் மீண்டும் உட்காருவது, மறைக்கப் பொய் சொல்வது, வேலையையோ உறவையோ பணயம் வைப்பது, பண நெருக்கடிக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பது. பன்னிரண்டு மாதத்துக்குள் இவற்றில் நான்கு இருந்தாலே சூதாட்ட நோய் என்று கருதுகிறோம். நீங்கள் எழுதியதைப் பாருங்கள். மூன்று முறை சத்தியம் செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கடன் செயலிகளை மறைத்திருக்கிறார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, அதை மீட்கவே மறுபடி ஆடியிருக்கிறார். போனை வாங்கிவைத்தால் சண்டை வருகிறது. நேரில் பார்ப்பவரே உறுதிப்படுத்த வேண்டும். ஆனாலும் இந்த விவரங்கள் உண்மையென்றால், "அளவோடு" என்ற பேரத்துக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றே சொல்வேன். காலப்போக்கில் கட்டுப்பாடோடு ஆடும் நிலைக்குத் திரும்பியவர்கள் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. யாருக்கு அது கைகூடும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி யாரிடமும் இல்லை. கடன் நிலுவையில் இருக்கும்போது அந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது ஆபத்து.

அவர் ரம்மியிலிருந்து இப்போதைய ஆட்டத்துக்கு மாறியதை நீங்கள் ஒரே பழக்கத்தின் தொடர்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மிகவும் கவலை தருகிறது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே சொன்னது. அந்தத் திறமை என்ற நம்பிக்கைதான் பலரை உள்ளே இழுத்தது என்றாலும், அதில் ஒரு கை முடியச் சில நிமிடங்களாவது ஆகும். இப்போது அவர் ஆடுவதாக நீங்கள் சொல்லும் விமான ஆட்டத்தில், திரையில் விமானம் ஏற ஏறப் பெருக்கல் எண் கூடுகிறது. அது மறைவதற்குள் பணத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு சுற்று சில விநாடிகளில் முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டும் நூறு ரூபாயில் சராசரியாக 97 ரூபாயைத் திருப்பித் தரும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நிமிடத்துக்கு ஆறு சுற்று, ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய் என்றால், ஒரு மணி நேரத்தில் 360 சுற்று, 36,000 ரூபாய்ப் பந்தயம். அதில் 3 சதவீதம், அதாவது 1,080 ரூபாய், சராசரி இழப்பு. கையில் வைத்திருப்பது ஐந்நூறே என்றாலும் சிறு வெற்றிகள் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், சராசரியும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எப்போது பரிசு வரும் என்று தெரியாமல் அவ்வப்போது வருவதுதான் மூளையைக் கட்டிப்போடும் முறைகளில் வலுவானது. எலிகளையும் புறாக்களையும் வைத்து அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் காட்டியது அதைத்தான். மயிரிழையில் தவறவிட்டது போன்ற தோல்வி, மூளையில் வெற்றியைப் போலவே பதிவாகி இன்னும் ஒரு சுற்றுக்குத் தூண்டுகிறது என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. விமானம் மறைந்த மறுகணம் "இன்னும் ஒரு விநாடி முன்னால் எடுத்திருந்தால்" என்று தோன்றும்படியே அந்த ஆட்டம் அமைந்திருக்கிறது. எனவே தம்பிக்கு மன உறுதி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை மன உறுதியைக் கேட்கும் பொருளை எதிர்த்து அவர் உட்கார்ந்திருக்கிறார்.

வெளிநாட்டுத் தளம் என்பதால் வேறு சிக்கல்களும் சேர்கின்றன. 97 ரூபாய் திரும்ப வருகிறது என்பதைச் சோதிக்க அங்கே எந்த அதிகாரியும் இல்லை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகளில், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்துக்குத் தடை, பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் வழிச் சரிபார்ப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கை, நாள் வாரம் மாதம் என்று பண வரம்பு எல்லாம் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஆண்டு ஜூனில் அவற்றை உறுதி செய்தது. ஒளிந்து நடக்கும் தளத்துக்கு இவை எதுவும் பொருட்டல்ல. இன்னொன்றை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இத்தகைய தளங்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாத தனிநபர்களின் வங்கிக் கணக்குகள் வழியாகவே பணத்தை வாங்குகின்றன, கொடுக்கின்றன. அந்தக் கணக்குகளில் ஒன்று மோசடி வழக்கில் சிக்கினால், அதிலிருந்து பணம் பெற்ற உங்கள் தம்பியின் கணக்கும் முடக்கப்படலாம். அவர் "ஜெயித்த" இரண்டாயிரத்துக்காகச் சம்பளக் கணக்கே நின்றுபோகும். கமிஷன் தருகிறோம், கணக்கை வாடகைக்குக் கொடு என்று யாராவது கேட்டால் அது இன்னும் பெரிய ஆபத்து. ஆடுபவர் என்ற நிலை மாறி அவர் குற்றத்தில் பங்காளி ஆகிவிடுவார்.

சட்டத்துக்குப் பயந்துதான் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 2025 மத்தியச் சட்டம் நடத்துபவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் விதிக்கிறது. ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அவருடைய பயம் முழுக் கற்பனை அல்ல. ஆனால் மருத்துவரிடம் சொல்வது வேறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பது எங்கள் கடமை. சிகிச்சைக்கு வந்து சூதாட்டத்தை ஒப்புக்கொண்டவரை நாங்கள் போலீசிடம் கொண்டுபோய் நிறுத்துவதில்லை.

இனி எது வேலை செய்கிறது என்பது. ஆடுபவர் தானே வரம்பு வைத்துக்கொள்வது எவ்வளவு பயன் தருகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அந்த வசதியைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. வைத்த வரம்பைத் தாமே உயர்த்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். "பொறுப்போடு ஆடுங்கள்" என்ற வாசகத்தால் ஆட்டம் குறைகிறது என்பதற்கும் சான்று பலவீனமாகவே இருக்கிறது. இதை உணர்ந்த நாடுகள் வரம்பை ஆடுபவர் கையிலிருந்து எடுத்துவிட்டன. நார்வேயில் அரசு நிறுவனத்தில் ஒருவர் மாதத்துக்கு 20,000 குரோனருக்கு மேல் இழக்க முடியாது. ஜெர்மனியில் 2021 முதல் எல்லா இணைய நிறுவனங்களிலும் சேர்த்து மாதம் 1,000 யூரோவுக்கு மேல் கணக்கில் போடப் பொதுவாக முடியாது. பிரிட்டன் 2020 ஏப்ரலில் கடன் அட்டையால் சூதாடுவதையே தடை செய்தது. சிங்கப்பூரில் குடும்பத்தினரே மனுக் கொடுத்து ஒருவரைச் சூதாட்டத்திலிருந்து விலக்கி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. நம் ஊரில் இவற்றில் எதுவும் உங்கள் தம்பிக்குக் கிடைக்காது. எனவே கைக்கும் பணத்துக்கும் நடுவில் தாமதத்தை உண்டாக்கும் வேலையை வீடே செய்ய வேண்டும். ஆடியே தீர வேண்டும் என்ற வெறி நாள் முழுவதும் ஒரே உச்சத்தில் நிற்பதில்லை. நான் பார்த்தவரை, தூண்டுதல் எதிரே இல்லாவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியத் தொடங்குகிறது. அந்த அரை மணி நேரம் பணம் கைக்கு எட்டாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

திருப்பூரில் பல இடங்களில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். உங்கள் தம்பிக்கும் அப்படியென்றால், அவருடைய ஆபத்து நேரம் சனிக்கிழமை மாலை முதல் ஞாயிறு விடியும் வரை. நாட்குறிப்பு எழுதச் சொல்லும்போது பெரும்பாலோருக்கு இப்படி ஒரு நேரம் தெளிவாகத் தெரியவருகிறது. சம்பளம் யுபிஐ இணைக்கப்படாத ஒரு கணக்குக்குப் போகட்டும். அதன் அட்டை அவர் சம்மதத்தோடு மனைவியிடம் இருக்கட்டும். பெட்ரோல், டீ, செல்போன் செலவுக்கு வாரத்துக்கு ஒரு தொகையை ரொக்கமாக அவர் வாங்கிக்கொள்ளட்டும். யுபிஐ உள்ள கணக்கில் சிறு தொகைக்கு மேல் இருக்க வேண்டாம். பல வங்கிகளின் செயலிகளில் யுபிஐ நாள் வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். இணையப் பரிவர்த்தனை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆகியவற்றை அட்டைதாரரே நிறுத்திவைக்கும் வசதியை ரிசர்வ் வங்கி 2020லேயே கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் அட்டையை மட்டும் அடைத்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். பணம் யுபிஐ வழியாகத் தனிநபர் கணக்குக்குத்தான் போகிறது. கடன் செயலிகளை நீக்குவது இதைவிட முக்கியம். சொந்தப் பணம் தீர்ந்த பிறகும் ஆட்டம் தொடர அவைதான் காரணம். பெட்பிளாக்கர் என்ற இலவசச் செயலி தெரிந்த சூதாட்டத் தளங்களைத் தடுக்கும். புதுப்புது லிங்க்குகளில் முளைக்கும் தளங்கள் அதற்குத் தப்பும். டெலிகிராம் குழுக்களிலிருந்து அவரே வெளியேற வேண்டும். இரவு பத்துக்கு மேல் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். அரசு விதிகள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே ஆட்டத்தைத் தடுத்ததற்குக் காரணம் உண்டு. தூக்கம் கெட்ட மூளை இழப்பை எடைபோடும் திறனை இழக்கிறது. தனிமை, இருட்டு, யாரும் பார்க்காத நேரம் எல்லாம் கூடும்போதுதான் பெரிய தொகைகள் போகின்றன. சனிக்கிழமை மாலையை வெறுமையாக விடாதீர்கள். ஆட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் ஆட்டமே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். கறிக்கடைக்கு அனுப்புங்கள், உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகச் சொல்லுங்கள், பழைய கிரிக்கெட் நண்பர்களோடு மைதானத்துக்குப் போகட்டும்.

"சம்மதத்தோடு" என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பிடுங்கி வைத்தால் இரண்டாவது சிம், நண்பன் போன், புதுக் கடன் என்று வழி தேடுவார். சம்மதத்தைப் பெறுவதுதான் அக்காவின் முழு வேலை, அது பேச்சில்தான் நடக்கும். தோற்ற இரவில் பேசாதீர்கள். ஜெயித்த இரவிலும் வேண்டாம். மனைவி, மாமனார் என்று கூட்டம் கூட்டிப் பேசாதீர்கள். இருவர் மட்டும், அவர் சாப்பிட்ட பிறகு, முடிந்தால் நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசுங்கள். முகத்துக்கு நேராக உட்காராதபோது வெட்கம் குறைகிறது. "ஏன் இப்படிச் செய்தாய்" என்று தொடங்கினால் பதிலுக்கு வருவது பொய்தான், ஏனெனில் உண்மையான பதில் அவருக்கே தெரியாது. "முதன்முதலில் ஜெயித்தபோது எப்படி இருந்தது" என்று கேட்டுப் பாருங்கள். இதுவரை யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி அது. அந்த ஆட்டம் அவருக்கு எதைத் தருகிறது என்று தெரியாமல் அதற்கு மாற்றுத் தேட முடியாது. சிலருக்குக் கிளர்ச்சி, சிலருக்கு மேஸ்திரியின் ஏச்சை மறக்கும் இரண்டு மணி நேரம், சிலருக்குக் கடனை ஒரே நாளில் அடைத்துவிடலாம் என்ற கனவு.

எங்கள் பயிற்சியில் ஒரு கேள்வி உண்டு, வீட்டிலும் கேட்கலாம். "இதை விட வேண்டும் என்ற எண்ணம் பத்துக்கு எத்தனை?" அவர் நான்கு என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஏன் இல்லை என்று கேட்டால் தற்காப்புப் பேச்சு வரும். "ஏன் இரண்டு என்று சொல்லாமல் நான்கு என்றாய்?" என்று கேளுங்கள். அப்போது விட வேண்டிய காரணங்களை அவரே சொல்லத் தொடங்குவார்: பாப்பாவின் பள்ளிக் கட்டணம், மனைவி முகத்தைப் பார்க்க முடியாதது, தூக்கமில்லாதது. நீங்கள் நூறு முறை சொன்ன அதே காரணங்களாக இருக்கும். ஆனால் அவர் வாயிலிருந்து வரும்போது அவற்றுக்கு வலு கூடுகிறது. கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உடனே தீர்வை நீட்ட வேண்டாம். "வாரம் ஐந்நூறு" பேரத்தையும் இதே தொனியில் கையாளலாம். முடியாது என்று வெட்டிவிடாமல், "முன்பும் வரம்பு வைத்தாயே, எந்த நாளில் தாண்டினாய், அன்று என்ன நடந்தது" என்று கேளுங்கள். பிறகு மூன்று மாதம் முழுவதும் நிறுத்திப் பார்ப்போம், அதன் பிறகு பேசலாம் என்று முன்வையுங்கள். வாழ்நாள் முழுவதும் விடச் சொல்வதைவிட மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொள்வது அவருக்கு எளிது. அந்த மூன்று மாதத்தில் அவருக்குத் தன்னைப் பற்றியே நிறையத் தெரியவரும். உண்மையைச் சொல்லும் நாளில், அது எவ்வளவு கெட்ட செய்தியானாலும், கத்தாமல் இருக்க முயலுங்கள். கடினம் என்று எனக்குத் தெரியும். அன்று கிடைக்கும் வரவேற்பைப் பொறுத்துத்தான் அடுத்த முறை உண்மை வருமா என்பது இருக்கிறது.

கடன் விஷயம். உங்கள் சீட்டுப் பணத்தை எடுத்து மொத்தமாக அடைத்துவிட நினைக்கிறீர்கள். இப்போது வேண்டாம். கடன் ஒரே நாளில் மறைந்தால் அவர் உணரும் நிம்மதியும் ஒரு பெரிய வெற்றி போலவே இருக்கும், புதுக் கடனுக்கு இடமும் கிடைக்கும். முதலில் எல்லாக் கடனையும் அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதட்டும்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எப்போது தவணை. முதல் தாளில் முழுத் தொகையும் வராது. ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொன்று சேரும். அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வழக்கமாக நடப்பதுதான். அடைப்பதானால் பணம் அவர் கைக்குப் போகாமல் கடன் கொடுத்தவருக்கு நேராகப் போக வேண்டும். மிரட்டும் வட்டிக்காரரும் ஏலத்துக்குப் போகவிருக்கும் நகையும் முதலில். மீதியை அவரே தன் சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டட்டும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்குத் தயங்காமல் போகலாம். போன் தொடர்புகளில் உள்ளவர்களுக்கெல்லாம் படம் அனுப்புவோம் என்று மிரட்டும் கடன் செயலி மீது சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் கொடுங்கள். "விட்ட பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வரும் அழைப்புகள் முழுக்க ஏமாற்று. ஒருமுறை இழந்தவர்களைக் குறிவைத்தே அவை வருகின்றன.

சிகிச்சையைப் பொறுத்தவரை, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் நல்ல சான்று இருக்கிறது. "அடுத்தது கட்டாயம் வரும்", "இன்று என் நாள்" போன்ற எண்ணங்களைப் பிடித்துச் சோதிக்கக் கற்றுத்தருவோம். சூதாட்டத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. குடிப் பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்து சிலருக்கு உதவுகிறது. முடிவுகள் கலவையாக இருக்கின்றன. கூடவே மனச்சோர்வோ குடியோ இருந்தால் அதற்கான மருந்து பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும். அவர் வேறு நோய்க்கு மருந்து எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். நடுக்குவாத நோய்க்குத் தரும் பிராமிபெக்சோல் போன்ற மருந்துகளும், சில மனநோய்களுக்குத் தரும் அரிப்பிப்ரசோலும் சிலரிடம் சூதாட்ட வெறியைத் தூண்டும். அரிதுதான், ஆனால் கேட்காமல் விட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அப்படி இருந்தால் மருந்தை நீங்களே நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சையே இல்லாமல் மீண்டவர்களும் கணிசமாக உண்டு. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம், செலவு பெரிதாக இருக்காது. அவர் வர மறுத்தால் நீங்களும் அவர் மனைவியும் மட்டும் போங்கள். குடும்பத்துக்குப் பயிற்சி கொடுப்பதன் மூலமே வர மறுப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் முறைகள் இருக்கின்றன. குடியில் அவற்றுக்கு வலுவான சான்று உண்டு, சூதாட்டத்தில் சான்று இப்போதுதான் சேர்ந்துவருகிறது.

இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சூதாட்டக் கடனில் இருப்பவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம். கடன் வெளியே தெரியவரும் நாட்கள் மிகவும் ஆபத்தானவை. உங்கள் வீடு இப்போது அந்த நாட்களில் இருக்கிறது. "நான் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சு, காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடுவது, காரணமில்லாமல் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது, திடீர் அமைதி இவற்றில் எது தெரிந்தாலும் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டதால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சூதாட்டத்தைப் பற்றி மட்டும் பேசவும் இந்த எண்களை அழைக்கலாம், நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று மாதத்தில் ஒருமுறையாவது சறுக்குவார் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். ஐபிஎல் நடக்கும் மாதங்களும் தீபாவளி போனஸ் வரும் வாரமும் கடினமாக இருக்கும். சறுக்கிய மறுநாள், எந்த வழியாகப் பணம் வெளியே போனது என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கதவு திறந்திருந்தது தெரியும், அதை அடையுங்கள். அவர் மனைவியையும் கவனியுங்கள். அட்டையை வைத்திருக்கும் காவல்காரியாக மட்டும் அவர் மாறிவிட்டால், அந்த வீட்டில் கணவன் மனைவி உறவு தேய்ந்துவிடும். வாரக் கணக்கைச் சரிபார்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

பெற்றோரிடம் சொல்வதா என்ற கேள்விக்கு: தம்பியைக் கேட்காமல் சொல்ல வேண்டாம். இப்போதுதான் உங்களிடம் உண்மை பேசத் தொடங்கியிருக்கிறார், அந்த நம்பிக்கை பெரியது. "நீயே சொல்கிறாயா, நான் பக்கத்தில் இருக்கட்டுமா" என்று கேட்டு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சூழலில் மட்டும் அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஒன்று, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால். மற்றொன்று, அப்பாவின் நிலப் பத்திரத்தையோ அம்மாவின் நகையையோ அவர் கேட்கத் தொடங்கினால். எதற்குப் பணம் என்று தெரியாமல் அவர்கள் கையெழுத்துப் போடக்கூடாது. அப்போதும், "நான் இன்று மாலை அப்பாவிடம் சொல்லப் போகிறேன்" என்று முதலில் தம்பியிடம் சொல்லிவிட்டே சொல்லுங்கள்.